கழுத்துக்கு மேல் கணக்கில்லை

எங்கள் மலைக்கு எடை உண்டு என்பது, ஒரு ட்ரோன் வந்து வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு தலைக்கு மேலே கோடு கோடாகப் பறந்துவிட்டுப் போகிற வரைக்கும் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. மலை என்றால் ஏறணும், இறங்கணும், பிள்ளைத்தாய்ச்சியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போகிற வழியில் பிள்ளை பிறந்துவிட்டால் பாறை மறைவில் வைத்துத் தொப்புள்கொடியை அறுக்கணும், அவ்வளவுதான் என்று இருந்தோம். ட்ரோனோடு வந்தவர் எபநேசர் சார், நாகர்கோவில் பக்கத்துக்காரர், அவர் பேச ஆரம்பித்தால் நான் அவருக்குப் பின்னால் நின்று அதே மாதிரி வாயை அசைப்பேன், ஊரே அவரைப் பார்க்காமல் என்னைப் பார்க்கும்.

"மக்களே, மரம் உண்டில்லா, அது காத்துல கெடக்க கரியத் தின்னு ஒடம்புல சேத்து வச்சிக்கிடும், கேட்டியளா? நம்ம ட்ரோன் பல பக்கமா நின்னு படம் புடிக்கும். எல்லாத்தையும் ஒட்டுனா மலை முழுசும் பொம்மை மாதிரி லேப்டாப்புல எந்திச்சி நிக்கும். மரத்துக்க உயரம் தெரியும், தழைக்க அகலம் தெரியும், அதுலேந்து கனம் தெரியும். காடு எம்புட்டு கனமோ, அம்புட்டு கரி."

காட்டின் எடை குறையாமல் இருக்கிற வரைக்கும் தினமும் ஒரு மினிபஸ் மலை ஏறும் என்று, அந்தக் கரிக் கணக்கை எங்கேயோ விற்றுக் காசாக்குகிற சாரின் கம்பெனி சொன்னது, சொன்னபடி ஏறியது, முதல் நாள் அதற்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்து, ஏறத் தெரியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினோம். எங்கள் அப்பாவின் காலில் சர்க்கரைப் புண் இருந்தது, வாராவாரம் கீழே ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டால்தான் கால் தங்கும், அந்தக் கால் தங்கியதே பஸ்ஸால்தான்.

அப்புறம் தெற்குச் சரிவு எரிந்தது. யாரோ காப்பிச் செடி வைக்க இடம் ஒதுக்கப் போட்ட தீ, காற்று வாங்கிக்கொண்டு மேலே ஏறி, மூங்கிலைப் பட்டாசு மாதிரி வெடிக்க வைத்து, வேங்கையையும் கடுக்காயையும் நின்ற இடத்திலேயே கரியாக்கிவிட்டுப் போனது. யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. எபநேசர் சார் மறுபடி ட்ரோன் விட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அடுத்த வருஷத்துக்குள் எடை பழைய அளவுக்கு ஏறவில்லை என்றால் பஸ் நின்றுவிடும் என்றார். நாற்று நட்டால் நம் பேரப்பிள்ளை காலத்தில்தான் எடை வரும் என்றும் அவரே சொன்னார்.

இந்த நேரத்தில்தான் செங்கோடன் வேர் விட்டது.

ட்ரோன் பறக்கும்போது என்ன செய்யணும் என்று சார் முன்னாலேயே சொல்லியிருந்தார்: "அசையுற சாதனம் படத்துல ஒட்டாது. ஒரு படத்துல இங்க, அடுத்த படத்துல அங்கன்னா லேப்டாப்புக்குக் கிறுக்கு புடிச்சி மொத்த மேப்பும் கெட்டுப்போவும். சத்தம் கேட்டா கூரைக்குள்ள போயிருங்க. வெளிய மாட்டிக்கிட்டா நின்ன எடத்துலயே அசையாம நில்லுங்க." செங்கோடன் அன்றைக்கும் குடித்திருந்தான், பாறைக்குப் பக்கத்தில் ஒதுங்கியவனுக்குத் தலைக்கு மேலே சத்தம் கேட்டது, வேட்டியைக்கூட இறக்கிவிடப் பயந்துகொண்டு, ட்ரோன் ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் மரியாதையாக நின்றான், நின்று முடித்துக் காலைத் தூக்கப் பார்த்தபோது கால் வரவில்லை. விரல் பத்தும் மண்ணுக்குள் இறங்கி, கல்லைச் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தோம். "வலிக்குதுடா," என்றான். விட்டுவிட்டோம்.

அவன் பெண்டாட்டி பழனியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "நின்னா நிக்கட்டும். கல்யாணமான நாள்லேந்து இன்னைக்குத்தான் இந்த ஆளு எங்க இருக்கான்னு எனக்குத் தெரியுது," என்றாள். கொஞ்ச நாள் கஞ்சி கொண்டுபோனாள், அவன் வாயைத் திறக்காததைப் பார்த்து அதைக் காலடியில் ஊற்றினாள், காலடியில் ஊற்றியது அவனுக்கு நன்றாகப் பிடித்தது. மழை வந்தபோது முழங்கால் வரைக்கும் பட்டை ஏறியது, காதுக்குப் பின்னால் தளிர் விட்டது, கை இரண்டும் கிளையாகி மேலே போனது, உதடு ஒட்டிப் பேச்சு நின்றது. நல்ல நிழல். ஆட்டுக்காரர்கள் ஆட்டை அவனிடம் கட்டினார்கள். ஒரு தேக்கு பல வருஷம் வளர்கிற வளர்ச்சியை அவன் ஒரு பருவத்தில் வளர்ந்து முடித்தான்.

"செங்கோடன் அண்ணன் நம்ம கணக்குல வந்துட்டாரு, கேட்டியளா," என்று எபநேசர் சார் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு பச்சைக் குமிழ் நின்றது.

அதைக் குனிந்து பார்த்தவர் குழந்தைவேலு. எங்கள் பஞ்சாயத்துக்குத் தலைவி அவர் பெண்டாட்டிதான், ஆனால் கையெழுத்துப் போடுவதும் கூட்டத்தில் பேசுவதும், கூட்டத்தில் யாராவது ஜோக் சொன்னால் சிரிப்பதும் அந்த அம்மாவுக்காக அவர்தான். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்: "ஏன் சார், ஒருத்தன் நின்னதுக்கே இவ்வளவு கனம்னா, இன்னும் கொஞ்ச பேரு நின்னா?"

சார் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததை ஊர் சரி என்று எடுத்துக்கொண்டது.

முதலில் யாருக்குமே வேண்டாதவர்களை நிறுத்தினார்கள். பிறகு அவரவர் வீட்டுக்கு வேண்டாதவர்களை. பிறகு குழந்தைவேலுவுக்கு வேண்டாதவர்களை. யாரையும் அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள் என்று நினைக்காதீர்கள், நாங்கள் அப்படிப்பட்ட ஊர் இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, புதுத் துண்டு போட்டு, எரிந்த சரிவில் இடம் பார்த்துக் குழி வெட்டி, குழியில் ஆட்டு எரு போட்டு, "கொஞ்ச நேரம்தான் அத்தை, படம் புடிச்சிருவாங்க, அப்புறம் ஒரு கஷ்டமும் இல்ல, சோறு தேட வேணாம், மாத்திரை தேட வேணாம்," என்று கண்ணைத் துடைத்துவிட்டுப் போனார்கள். ட்ரோன் பறக்கப்போகிற நேரத்தைக் கோயில் மைக்கில் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். மற்றவர்களெல்லாம் கூரைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு சரிவைப் பார்ப்போம். குழந்தைவேலு ஒரு சட்டமும் போட்டார்: அசைந்து மேப்பைக் கெடுத்தவன் வீட்டுக்கு பஸ் கிடையாது. அதற்குப் பிறகு எவனும் அசையவில்லை.

எனக்கு அது நல்ல காலம். உதடு ஒட்டிய பிறகு அந்த மரங்கள் பேசாது, ஆனால் நிறுத்திவிட்டு வந்தவர்களுக்குக் கேட்க ஆசையாக இருக்கும், நான் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றவர்கள் குரலிலேயே பேசுவேன். மருமகள் ஒருத்தி மாமியார் மரத்துக்குச் சூடம் காட்டுகிற நேரம் பார்த்து, "ஏண்டி, நேத்து குழம்புல உப்பு பத்தல, வாசம் இங்க வரைக்கும் வந்துச்சு," என்பேன், அவள் தட்டைப் போட்டுவிட்டு ஓடுவாள், நான் தட்டில் இருக்கிற பழத்தைத் தின்பேன். செங்கோடன் குரலில், "பழனியம்மா, நாக்கு வறளுதுடி," என்று முனகினால் போதும், பழனியம்மா எங்கேயிருந்தோ ஒரு குவாட்டர் வாங்கிவந்து வேரில் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்தது அத்தனையும் சொல்லிச் சிரிப்பாள். உயிரோடு நடமாடியபோது அவள் அந்த ஆளிடம் ஒரு நாளும் சிரித்துப் பேசியதில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் கிடப்பேன்.

இப்படியே போயிருக்கும். ஆனால் எங்கள் அக்கா மாதேஸ்வரி புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டாள்.

அவன் அடித்தது ஊருக்கே தெரியும். விறகுக்கட்டையால் அடித்த தழும்பு தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வரிவரியாக இருந்தது. அவள் அழவில்லை. வந்த வாரத்திலேயே, திருப்பூரில் தையல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், திங்கட்கிழமை பஸ்ஸில் போய்விடுவேன், காலூன்றியதும் உன்னையும் கூட்டிக்கொள்வேன் என்றாள். ஆனால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில், தெற்குச் சரிவுக்குத் தீ வைத்தது குழந்தைவேலுவின் ஆட்கள்தான், தீப் பிடித்த அன்றைக்கு அப்பாவைப் பார்க்க மலை ஏறி வந்தபோது என் கண்ணால் பார்த்தேன், கீழே போய் முதல் வேலையாக வனத்துறையில் சொல்லப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைவேலு எங்கள் வீட்டுக்கு வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, அப்பாவின் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உம்பொண்ணு கட்டுனவன் வீட்டுலயும் நிக்கல, பொறந்த வீட்டுலயும் நிக்க மாட்டேங்குது. ஒரு எடத்துல நின்னு பழகட்டும்யா. கணக்குல கொஞ்சம் குறையுதாம். பஸ் நின்னா உங்காலு என்னாவறது?"

அப்பா காலைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கவில்லை. "அதிக நேரம் ஆவாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவுக்கு எண்ணெய் வைக்கவில்லை, பொட்டு வைக்கவில்லை. அவள் கடித்ததில் இரண்டு பேருக்குக் கையில் ரத்தம். புதுச்செடி காற்றில் சாயாமல் இருக்கக் கம்பு கட்டுவது மாதிரி ஒரு கம்பை நட்டு, காலிலிருந்து கழுத்து வரைக்கும் கயிற்றைச் சுற்றினார்கள். மைக்கில் அறிவிப்பு வந்தது. எல்லோரும் கூரைக்கு ஓடினார்கள். நான் ஓடுகிற மாதிரி ஓடி, அவள் காதுக்குள் சொன்னேன்: "தலையை ஆட்டுக்கா. கட்டாதது அது ஒண்ணுதான். அசையுறது ஒட்டாது. நிறுத்தாம ஆட்டு."

ஆட்டினாள். ட்ரோன் ஏறி, சரிவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய், திரும்பி, மறுபடி போய், குறுக்கே வந்து, சாய்வாக வந்து, வட்டமடித்து முடிக்கிற வரைக்கும் அக்கா இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், மாட்டேன் என்று, மாட்டேன் மாட்டேன் என்று, வெயிலில் முடி அவிழ்ந்து முகத்தில் அடிக்க அடிக்க, கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்க, கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஊர் முழுவதையும் பார்த்து மாட்டேன் என்று.

கழுத்து வரைக்கும் மரமானாள். தலை தலையாகவே இருந்தது.

"கழுத்துக்கு மேல ஒண்ணும் வரல, வெறும் பொகை," என்று எபநேசர் சார் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தார். "செரி, பரவால்ல. நெஞ்சளவுச் சுத்துதான் நமக்கு முக்கியம்." டேப்பைக் கொண்டுபோய் அவள் நெஞ்சுப் பட்டையைச் சுற்றி அளந்தார். குனிந்தவர் முகத்தில் அக்கா துப்பினாள். துடைத்துக்கொண்டு, "இது நல்ல ஆரோக்கியமான மரம்," என்றார்.

பிறகு எங்கள் ஊருக்கு ஒரு பேசுகிற மரம் கிடைத்தது. காலையில் ஆடு ஓட்டிக்கொண்டு போனால், "என்னய்யா, உன் தம்பி மரத்துக்குத் தண்ணி ஊத்துனியா, இல்ல அவன் பங்கு நெலத்த உழுதுட்டியா?" என்று கேட்கும். பஸ்ஸுக்குப் போகிறவர்களை, "ஏறுங்க, ஏறுங்க, எம்மேல மிதிச்சு ஏறுங்க!" என்று வழியனுப்பும். குழந்தைவேலு தலை தெரிந்தால், "தீ வச்ச மாமா வர்றாரு, ஒதுங்குங்க," என்று சரிவு முழுக்கக் கேட்கும்படி கத்தும். சில பேர் அந்தத் தலைக்கு மேல் பானையைக் கவிழ்த்தார்கள், பானைக்குள்ளிருந்து குரல் இன்னும் பெரிதாகக் கேட்டது. நான் போய்ப் பானையை எடுத்துவிட்டு, தலை சீவி, பேன் பார்த்து, மூக்கைச் சிந்திவிட்டு, சோறு ஊட்டுவேன். விழுங்கிய சோறு எங்கே போனது என்று தெரியாது, கொஞ்ச நாளில் இடுப்புப் பக்கம் ஒரு பூ விட்டது.

"பூத்துட்டேனாடி?" என்றாள்.

"ஆமாக்கா. கேவலமான பூ. நாத்தம் அடிக்குது."

"நல்லது. எவனும் பறிக்க மாட்டான்."

எடை சரியாகிவிட்டது. ஆனால் கம்பெனி சொன்னதை அப்படியே நம்பக் கூடாது என்று மேலே எங்கேயோ ஒரு விதி இருக்கிறதாம், அதற்காக ஒரு மேடம் வந்தார். நியூஸ் வாசிக்கிற மாதிரிதான் பேசுவார், வீட்டிலும் அப்படித்தான் சோறு கேட்பாரோ என்னவோ.

"படத்திலிருந்து உயரமும் அகலமும் கிடைக்கும். ஆனால் உள்ளே எவ்வளவு கனம் என்பது ஊகம் மட்டுமே. ஆகவே ஒரு மரத்தை வெட்டி, துண்டுகளாக்கி, சூளையில் நன்கு உலர்த்தி, எடை போட்டுப் பார்க்க வேண்டும். எந்த மரம் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கும்."

கணினி செங்கோடனைத் தேர்ந்தெடுத்தது. பழனியம்மா ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டு, "ஐயோ, இப்பத்தான மேடம் எங்கிட்டப் பேச ஆரம்பிச்சாரு!" என்று கதறினாள். நான் பின்னால் போய், "என்னைக் காப்பாத்துடி," என்று ஒரு குரல் கொடுத்தேன், சும்மா இருக்க முடியவில்லை. ஊரே அழுதது. குழந்தைவேலு தொண்டையைச் செருமினார்.

"மேடம், இது அமைதியான மரம். அதோ அங்க ஒண்ணு நிக்குது பாருங்க, இதே சுத்தளவு, ஊருக்கே தொந்தரவு. அத எடுத்துக்கங்க."

மேடம் போய்ப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள்.

"இதற்குத் தலை இருக்கிறதே?"

"அது கணக்குல வராதுங்க மேடம். லேப்டாப்புலயே இல்ல."

மேடம் லேப்டாப்பில் பார்த்தார். புகைதான் இருந்தது. "சரி. அப்படியென்றால் ஆட்சேபணை இல்லை," என்றார்.

மரம் அறுக்கிற மிஷினைக் கொண்டுவந்தவன் ராசு. அவன் கயிற்றை இழுத்து மிஷினை உறும விட்டதும், நான் புதருக்குள்ளிருந்து குழந்தைவேலு குரலில் கத்தினேன்: "நிறுத்துடா!" நிறுத்தினான். "அறுடா!" என்றார் குழந்தைவேலு. இழுத்தான். "நிறுத்துடான்னா!" என்றேன். நிறுத்தினான். "நான் எங்கடா நிறுத்தச் சொன்னேன், அறுடா!" "அவன் கெடக்கான், நிறுத்துடா!" ராசுவுக்கு வேர்த்துக் கொட்டியது, ஒரே ஆள் இரண்டு பக்கமும் பேசுவதை அவன் அதற்கு முன்னால் கூட்டத்தில்தான் கேட்டிருக்கிறான். அக்கா சிரித்தாள், கிளையெல்லாம் குலுங்கச் சிரித்தாள். கடைசியில் ராசு காதை நம்பாமல் குழந்தைவேலுவின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வாய் அசைந்தது. மிஷின் இறங்கியது.

நான் ஓடிப் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டேன். கீழே அறுத்து, நடுவில் அறுத்து, கடைசியில் கழுத்துக்குக் கீழே வந்தபோது மேடமே, "மாதிரியை அசுத்தப்படுத்தாமல் அதைத் தனியே எடுத்துவிடுங்கள்," என்றார். என் கையில் விழுந்தது. பதியன் போட்ட கிளைக்குச் செய்வது மாதிரி ஈரச்சாக்கைச் சுற்றி, பாசி வைத்து, நூல் கட்டினேன். அக்கா கண்ணைத் திறந்தாள்.

"வலிக்குதாக்கா?"

"எங்கன்னு சொல்லத் தெரியலடி."

"கீழ போயிரலாம். எங்கயாவது நல்ல மண்ணாப் பாத்து..."

"மண்ணுல வச்சே, கடிச்சுப்புடுவேன். தண்ணியில வை." கொஞ்சம் மூச்சு வாங்கினாள், எதை வைத்து வாங்கினாளோ. "என் எடையக் கேட்டுட்டுப் போலாம்."

அவளைச் சூளையில் காய வைத்த நாளெல்லாம் ஊரில் நல்ல வாசனை அடித்தது, எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரிந்தார்கள், அப்பாவும்தான். தராசில் வைத்தபோது மேடம் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். ஊகித்ததைப் போலப் பல மடங்கு கனம். இந்த மலையின் மரங்கள் பார்வைக்குத் தெரிவதைவிட அடர்த்தியானவை, ஆகவே காட்டின் மொத்த எடையையும் உயர்த்திக்கொள்ளலாம் என்று அறிவித்தார். ஊர் கைதட்டியது. இன்னொரு பஸ் வரப்போகிறது, இன்னும் கொஞ்ச பேரை நிறுத்தினால் ஆஸ்பத்திரியே மேலே வரும் என்று குழந்தைவேலு மைக்கில் சொன்னார்.

"வருஷக்கணக்கா அடி வாங்குன ஒடம்பு," என்றது என் மடியிலிருந்த தலை. "கெட்டியாத்தான் இருக்கும்."

புது பஸ் முதல் நடை கிளம்பிய காலையில், கூடையில் வாழையிலை விரித்து அக்காவை வைத்துக்கொண்டு ஏறினேன். கைக்குழந்தைக்காரிக்கு விடுகிற மாதிரி ஜன்னல் பக்கம் இடம் விட்டார்கள். கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்து, "இதுக்கு டிக்கெட் போடறதா வேணாமா?" என்று பின் சீட்டில் இருந்தவர்களிடம் நியாயம் கேட்கப் போனார், அங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை ஆரம்பித்தது. பஸ் நகர்ந்தது. சாக்கு ஓரத்தில் காய ஆரம்பித்திருந்தது, பாட்டிலில் இருந்த தண்ணீரைத் தெளித்தேன்.

முதல் வளைவில் குழந்தைவேலு நின்றிருந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். குறுக்குப் பாதையில் ஓடிவந்திருக்கிறார், மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கியது, பஸ்ஸை நிறுத்தக் கையை நீட்டியிருந்தார். அந்தக் கை, வனத்துறை வரைக்கும் போகக்கூடிய வாய் இருக்கிற கூடைக்காகத்தான் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து, புதுக் கணக்குக்காக எபநேசர் சார் சரிவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ட்ரோனை ஏற்றினார். வளைவில் கூரை இல்லை, மரநிழல் இல்லை, அவருக்குக் கிடைக்கிற ஒரே கூரை எங்கள் பஸ்தான். மேலே வீட்டு வாசல்களில் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஊர் எட்டிப் பார்த்தது. யாரோ ஒரு பெண்பிள்ளை, அத்தை மாமாவைக் கூப்பிடுகிற அன்போடு கூவினாள்: "அசையாதீங்க மாமா! மேப்பு கெட்டுரும்!" எல்லோரும் சேர்ந்து கூவினார்கள்: "அசையாதீங்க! அசையாதீங்க!"

டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் குலுங்கி, மெதுவாகி, கிட்டத்தட்ட நின்றே விட்டது. குழந்தைவேலுவின் முகம் என் ஜன்னலுக்கு நேராக வந்தது. சிரித்தார்.

நான் நாக்கை மடித்து, கண்டக்டர் மாதிரியே, இரண்டு விசில் அடித்தேன்.

இரண்டு விசில் கேட்டால் போகணும், டிரைவர் கால் அதற்குத்தான் பழகியிருக்கிறது, கண் என்ன பார்த்தாலும் கால் கேட்காது. பஸ் உறுமிக்கொண்டு வளைவைத் தாண்டி இறங்கியது. பின்னால் கண்டக்டர், "எவன்டா விசில் அடிச்சது?" என்று கத்திக்கொண்டிருந்தார். ட்ரோன் எங்களுக்கு மேலே வந்து, ஓடுகிற பஸ்ஸை ஒட்ட முடியாமல் விட்டுவிட்டு, வளைவுப் பக்கம் திரும்பியது.

"திரும்பிப் பாத்தியா?" என்றாள் அக்கா. அவளால் கழுத்தைத் திருப்ப முடியாது.

"பாத்தேன்."

"கையை இறக்கிட்டானா?"

"இல்ல. நீட்டுனபடியே நிக்கிறாரு."

"அசையறானா?"

பஸ் அடுத்த வளைவில் திரும்பியது, நான் ஜன்னல் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, மரங்களுக்கு நடுவே அவர் தெரிகிற வரைக்கும் பார்த்தேன்.

"இல்லக்கா."